ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் அடங்காத ‘ழ்’

சென்ற தவணையில் ஒரு வியாழக்கிழமை மாலை. கிராஞ்சி வட்டாரத்தில் உள்ள எங்கள் பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் உயர்நிலை இரண்டு மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மைக்ரோபிட் பலகை. ‘டிஜிட்டல் மேக்கர்’ திட்டத்தின்வழி 2017 முதல் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு வந்துகொண்டிருக்கும் அதே சின்னஞ்சிறு கணினிதான். அதன் முகப்பில் ஐந்து வரிசை, ஐந்து நெடுவரிசை என 25 சிவப்பு எல்இடி விளக்குகள் இருக்கும்.

“உங்கள் பெயரை ஓட விடுங்கள்” என்றேன். ஆங்கிலத்தில் பெயர் தட்டியவுடன் எழுத்துகள் வலமிருந்து இடமாக நகர்ந்தன. “தமிழ்ல போடலாமா சார்?” என்று ஒரு மாணவர் கேட்டார். தட்டிப் பார்த்தோம். வரவில்லை. அந்தப் பலகைக்குள் ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் மட்டுமே படம் இருந்தது.

“அதனால் என்ன? எழுத்து என்பது புள்ளிகள்தானே. கட்டத்தாளில் நீங்களே வரையுங்கள், எந்த எழுத்தும் வந்துவிடும்” என்று சொல்லிவிட்டேன். ட வந்தது. ப வந்தது. சற்றுத் தடுமாறி ம-வும் வந்தது. ஒரு மாணவியின் பெயரில் ழ இருந்தது. அவர் அரை மணி நேரம் போராடினார். எப்படி வரைந்தாலும் பக்கத்தில் இருந்தவர்கள் அதை ‘ம’ என்றே படித்தார்கள். ‘தமிழ்’ என்று எழுதிப் பார்த்தபோது, ‘தமிம்’ என்று தெரிந்தது.

“சார், இது என் பேரு இல்ல” என்றார் அவர்.

நான் சொன்னது தவறு. எந்த எழுத்தும் எந்தக் கட்டத்திலும் வந்துவிடாது. ஏன் வராது என்பதை அவருக்குச் சரியாகச் சொல்ல எனக்கு ஒரு வாரம் தேவைப்பட்டது. அந்த ஒரு வாரத்தில் நான் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை.

கோலத்தில் ஒரு புள்ளி, திரையில் ஒரு புள்ளி

பொங்கல் சமயத்தில் லிட்டில் இந்தியா பக்கம் போனால் புள்ளிக் கோலங்களைப் பார்க்கலாம். முதலில் வரிசையாகப் புள்ளி வைப்பார்கள். பிறகு புள்ளிகளை இணைத்தோ சுற்றியோ கோடு இழுப்பார்கள். கோலத்தில் புள்ளி வழிகாட்டி; படம் என்பது கோடு.

திரையில் கதை வேறு. அங்கே கோடு என்று தனியாக எதுவும் இல்லை. புள்ளிதான் படம். அந்தப் புள்ளியைத்தான் பிக்சல் என்கிறோம். தமிழில் படப்புள்ளி. ஒவ்வொரு படப்புள்ளியும் எரியும் அல்லது அணைந்திருக்கும். பாதி எரிந்து பாதி வளைந்து நிற்காது. ஆகவே வளைவு எல்லாம் படிக்கட்டாக மாறிவிடும்.

இது கணினியோடு பிறந்த சிந்தனையும் அல்ல. தேக்கா சேலைக் கடைகளில் தொங்கும் காஞ்சிபுரம் பட்டின் கரையைக் கூர்ந்து பாருங்கள். அந்த மயிலும் அன்னமும் முதலில் கட்டத்தாளில் சதுரம் சதுரமாக நிரப்பப்பட்டவை. பிறகு அட்டைகளில் துளைகளாக மாறி, ஜக்கார்டு தறியில் ஏறியவை. துளை இருந்தால் நூல் மேலே எழும், இல்லையென்றால் எழாது. 1804-இல் பிரான்சில் ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய இந்தத் தறி, ‘ஆம் – இல்லை’ என்ற இரண்டே சொற்களால் படம் வரைந்தது. கணினி செய்வதும் அதையேதான்.

ஓர் எழுத்து, ஐந்து எண்கள்

ப எழுத்தை மைக்ரோபிட்டின் 5×5 கட்டத்தில் இப்படி வரையலாம்:

■□□□■
■□□□■
■□□□■
■□□□■
■■■■■

எரியும் இடத்தை 1 என்றும் அணைந்த இடத்தை 0 என்றும் எழுதுங்கள். முதல் வரிசை 10001. இரும எண் முறையில் இடமிருந்து வலமாக 16, 8, 4, 2, 1 என்ற மதிப்புகள். எனவே முதல் வரிசையின் மதிப்பு 16+1=17. கடைசி வரிசை 11111, அதாவது 31. ஆகக் கணினிக்கு ‘ப’ என்பது 17, 17, 17, 17, 31 என்ற ஐந்து எண்கள். ‘ட’ என்பது 16, 16, 16, 16, 31. ‘ம’ என்பது 23, 21, 21, 21, 31. கட்டம் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படி எல்லா எழுத்துகளுக்கும் எண்களைத் தொகுத்து வைத்தால் அதுவே ஓர் எழுத்துரு. இதைப் படப்புள்ளி எழுத்துரு என்கிறோம். பழைய வீடியோ விளையாட்டுகளில் நீங்கள் பார்க்கும் சதுரம் சதுரமான எழுத்துகள் இந்த வகையைச் சேர்ந்தவை.

1980-இல் வந்த ‘பேக்-மேன்’ விளையாட்டில் ஒவ்வொரு எழுத்தும் 8×8 கட்டத்தில் இருந்தது. 8 வரிசை, வரிசைக்கு 8 பிட், அதாவது ஒரு பைட். ஓர் எழுத்துக்கு 8 பைட் போதும். அந்த எழுத்துகளை உற்றுப் பார்த்தால் ஒரு விந்தை தெரியும். நிமிர்ந்த கோடுகள் இரண்டு புள்ளி தடிமன், படுத்த கோடுகள் ஒரு புள்ளி தடிமன். அழகுக்காக மட்டும் அப்படிச் செய்யவில்லை. அக்காலத் தொலைக்காட்சித் திரையில் ஒரு மின்னணுக் கற்றை இடமிருந்து வலமாக ஓடியபடி ஒளியைக் கூட்டியும் குறைத்தும் படம் வரையும். ஒற்றைப் புள்ளி அகலத்தைக் கடக்கும் நேரத்துக்குள் ஒளியை முழுதாக ஏற்றி இறக்குவது கடினம். மெல்லிய நிமிர்ந்த கோடு மங்கிப்போகும். இரண்டு புள்ளி கொடுத்தால் தெளிவாக நிற்கும்.

1984-இல் வெளிவந்த முதல் மெக்கின்டாஷ் கணினியின் திரையில் 512×342 படப்புள்ளிகள். அதற்கான எழுத்துருக்களை வடிவமைத்தவர் சூசன் கேர் என்ற ஓவியர். கணினிப் படிப்பு படித்தவர் அல்லர். கட்டத்தாளில் சதுரங்களை நிரப்பித்தான் தொடங்கினார். அவர் வரைந்த ‘சிகாகோ’ எழுத்துரு கணினியின் பட்டியல்களில் இடம்பெற்றது. பயன்படுத்த முடியாத கட்டளையைச் சாம்பல் நிறமாகக் காட்ட, அந்தக் கறுப்பு வெள்ளைத் திரையில் ஒன்றுவிட்டு ஒரு புள்ளியை அழித்தார்கள். பாதிப் புள்ளி போன பிறகும் சிகாகோவைப் படிக்க முடிந்தது. 2001-இல் வந்த முதல் ஐபாட் கருவியிலும் அதே எழுத்துரு திரும்ப வந்தது.

கோடுகளை எண்ணிப் பாருங்கள்

இனி ழ-வுக்கு வருவோம். ஒரு கட்டத்தில் ஓர் எழுத்து அடங்குமா என்று வரையாமலே கணக்கிட ஒரு வழி இருக்கிறது.

எழுத்தின் நடுவில் குறுக்காக ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அது எத்தனை நிமிர்ந்த கோடுகளை வெட்டுகிறது? ட-வில் 1. ப-வில் 2. ம-வில் 3. இரண்டு கோடுகள் தனித்தனியாகத் தெரிய வேண்டுமானால் நடுவில் ஓர் அணைந்த புள்ளியாவது வேண்டும். ஆக 2 கோட்டுக்குக் குறைந்தது 3 நெடுவரிசை, 3 கோட்டுக்கு 5 நெடுவரிசை. பொதுவாக, கோடுகளின் எண்ணிக்கை n என்றால் 2n–1 நெடுவரிசைகள் வேண்டும். ண எழுத்தில் சுழிகளையும் சேர்த்து ஐந்து கோடுகளாவது வரும். அதற்கு 9 நெடுவரிசை. ஐந்து நெடுவரிசைக் கட்டத்தில் ண-வை வரைந்தால் சுழி ன-வாகவோ வெறும் கறுப்புத் திட்டாகவோ சுருங்கிவிடும்.

பொறியாளர்கள் இந்த விதியை வேறு பெயரில் அறிவார்கள். ஒலியையோ படத்தையோ எண்களாக மாற்றும்போது, அதில் உள்ள மிக நுண்ணிய அசைவைப் போல இரு மடங்குக்குக் குறையாமல் மாதிரி எடுக்க வேண்டும். ஹாரி நைக்விஸ்ட் 1928-இல் இதற்கு அடித்தளம் இட்டார். கிளாட் ஷானன் 1949-இல் தெளிவாக நிறுவினார். உங்கள் கைப்பேசியில் பாட்டு ஒலிப்பதற்குப் பின்னால் இருக்கும் விதியும் இதுதான்.

அகலம் முடிந்தது, உயரம் பார்ப்போம். தமிழ் எழுத்தின் உடலுக்கு 5 வரிசை என்று வைத்துக்கொள்ளலாம். மெய்யெழுத்தின் புள்ளி உடலோடு ஒட்டக்கூடாது. ஆகவே ஒரு வரிசை இடைவெளி, ஒரு வரிசை புள்ளி: மேலே 2. ழ-வின் வால், மு, கூ போன்றவற்றின் கீழ்வளைவு ஆகியவற்றுக்குக் கீழே 3. மொத்தம் 10 வரிசை. பல எழுத்துகளுக்கு மேலேயோ கீழேயோ ஏதாவது ஒன்றுதான் இருக்கும். ‘ழ்’ எழுத்துக்கு இரண்டும் உண்டு. தமிழ் என்ற சொல்லின் கடைசி எழுத்துத்தான் 5×5 கட்டத்துக்கு மிகக் கடினமான எழுத்துகளில் ஒன்று!

அந்த மாணவி வரைந்த ழ அகலத்தில் தோற்கவில்லை. வாலுக்கு இடமில்லாமல் போனதால் தோற்றது. வால் போன ழ, ம-வாகத் தெரிந்தது.

எழுதும் பொருள் எழுத்தை மாற்றுவது நமக்குப் புதிதும் அல்ல. மதுரைக்கு அருகில் மாங்குளத்தில் பாறையில் வெட்டிய தமிழிக் கல்வெட்டில் நேர்கோடுகள் மிகுதி. உளிக்கு அது எளிது. ஓலையில் எழுத்தாணியால் நேர்கோடு இழுத்தால் நார்வாக்கில் கிழியும் என்பதால்தான் வட்டங்கள் பெருகின என்று அறிஞர் பலர் சொல்வார்கள். புள்ளி வைக்க வேண்டும் என்று தொல்காப்பியம் கூறினாலும் ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. படிப்பவர்தான் இடம் பார்த்து உணர வேண்டும். அன்று படிப்பவர் சமாளித்தார். பேருந்துப் பலகையை நான்கு விநாடி பார்ப்பவரால் அப்படிச் சமாளிக்க முடியுமா?

ஆங்கில எழுத்துக்கும் வால் உண்டு

“அப்படியென்றால் தமிழ் கடினமான எழுத்தா சார்?” என்று அடுத்த வாரம் ஒருவர் கேட்டார். இந்தக் கேள்விக்கான பதிலை எல்லா மாணவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மின்னணுப் பலகைகளிலும் அச்சுப்பொறிகளிலும் நெடுங்காலம் வழக்கத்தில் இருந்த அளவு 5×7. அதாவது 35 புள்ளிகள். 35 புள்ளிகளை எரித்தும் அணைத்தும் 2-இன் 35-ஆம் அடுக்கு, ஏறத்தாழ 3,436 கோடி வடிவங்களை உருவாக்கலாம். 247 எழுத்துக்கு அது தாராளம் என்று தோன்றும். ஆனால் அந்த வடிவங்களில் ண-வும் இல்லை, ழ்-உம் இல்லை. எண்ணிக்கை போதும்; நுணுக்கம் போதாது. ஏனென்றால் 5×7 என்ற அளவு ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கும் எண்களுக்கும் பார்த்து வைத்த அளவு.

ஆங்கிலச் சிறிய எழுத்துகளே அதில் தடுமாறின. ஜி, ஜே, பி, கியூ, ஒய் ஆகிய ஐந்து சிறிய எழுத்துகளுக்கும் கோட்டுக்குக் கீழே வால் உண்டு. ஏழு ஊசிகளைக் கொண்ட பழைய அச்சுப்பொறிகளில் அந்த வாலைக் கீழே இறக்க முடியவில்லை. முழு எழுத்தையும் மேலே தூக்கி வைத்தார்கள். பார்க்க நொண்டுவது போல இருந்தது. பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த எழுத்துகளைக் கடினமானவை என்று ஒதுக்கவில்லை. ஊசிகளைக் கூட்டினார்கள். 1980-களின் தொடக்கத்தில் பரவிய எப்சன் எம்எக்ஸ்-80 போன்ற அச்சுப்பொறிகளில் 9 ஊசிகள் இருந்தன. வால் கீழே இறங்கியது.

ஜப்பானியரும் இதே சிக்கலைச் சந்தித்தார்கள். தொடக்ககாலச் சிறு கணினிகளில் கஞ்சி எழுத்துகள் அடங்கவில்லை. கட்டகானா எழுத்துகளை மட்டும் வைத்துக் காலம் தள்ளினார்கள். நினைவகம் மலிந்ததும் 16×16 கட்டத்துக்கு மாறினார்கள்.

16×16 என்றால் தமிழுக்கும் போதும். ஓர் எழுத்துக்கு 256 பிட், அதாவது 32 பைட். 247 எழுத்துக்கும் தனித்தனிப் படம் வரைந்தால் 7,904 பைட். 1981-இல் விற்ற சின்கிளேர் இசட்எக்ஸ்81 கணினியின் மொத்த வேலை நினைவகமே 1 கிலோபைட்தான். அன்று அது பெரிய சுமை. துணைக்கால், கொம்பு, விசிறி, புள்ளி ஆகியவற்றைத் தனித் துண்டுகளாக வைத்துக் கோத்தால் 80 படங்களுக்குள் அடக்கிவிடலாம். அப்போது 2,560 பைட். உகர, ஊகார வரிசைகள்தான் அதிக இடம் கேட்கும். கு, சு, டு, மு எனக் கீழ்வளைவு எழுத்துக்கு எழுத்து மாறும் அல்லவா? மாணவர் கையில் இருக்கும் முதல் தலைமுறை மைக்ரோபிட்டிலேயே 256 கிலோபைட் சேமிப்பகம் இருக்கிறது. ஆகவே இன்று நினைவகத்தைக் காரணம் சொல்ல முடியாது.

தமிழ் கடினமான எழுத்து அல்ல. கட்டத்தின் அளவை முடிவு செய்த அறையில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை என்பதுதான் சிக்கல்.

அந்த அறைக்குள் போனவர்கள்

சிங்கப்பூரில் அப்படி அறைக்குள் போனவர் ஒருவர் உண்டு. எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி, தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றியவர். ‘கணியன்’ என்ற தமிழ்க் கணினி முறையை உருவாக்கினார். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளின் நான்கு மொழித் தொகுப்பு இணையத்தில் ஏறியபோது, தமிழும் தன் எழுத்திலேயே அதில் நின்றது. அதற்கு அவர் உழைப்பு முக்கியக் காரணம். 1997 மே மாதத்தில் தமிழ் இணையத்துக்கான முதல் மாநாடு சிங்கப்பூரில் நடந்தது. இரண்டு ஆண்டுகளில், 1999-இல், அவர் காலமானார்.

கைப்பேசியில் தமிழ் வந்த கதையிலும் சிங்கப்பூருக்கு இடமுண்டு. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’ 2005 பொங்கலன்று இங்கேதான் வெளியீடு கண்டது. அப்போதைய கைப்பேசிகளில் தமிழ் எழுத்துரு கிடையாது. செல்லினம் தனக்கு வேண்டிய எழுத்து வடிவங்களைத் தன்னோடு கொண்டு வந்தது. 2000-இல் வந்த நோக்கியா 3310 கைப்பேசியின் திரையில் இருந்தவை 84×48 புள்ளிகள் மட்டுமே. 16 வரிசை எழுத்தென்றால் அந்த அளவுத் திரையில் மூன்றே வரிகள்! எவ்வளவு நெருக்கடியான இடத்தில் எழுத்து வேலை செய்ய வேண்டியிருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் ரயில் நிலையப் பலகைகளிலும் பேருந்துகளின் நெற்றியிலும் எல்இடி புள்ளிகளால் தமிழ் ஓடுகிறது. விடுமுறைக்குச் சென்னை போய் வந்த ஒரு மாணவர் அதைப் படம் பிடித்து வந்து காட்டினார். சில பலகைகளில் புள்ளி தெளிவாக இருந்தது, சிலவற்றில் உடலோடு ஒட்டியிருந்தது. எது எத்தனை வரிசைப் பலகை என்று மாணவர்கள் படத்தைப் பெரிதாக்கி எண்ணினார்கள். அன்றைய பாடம் அதிலேயே முடிந்தது.

இப்போது எதற்கு இந்தப் பழைய எழுத்து?

இன்றைய கைப்பேசித் திரைகளில் தனிப் புள்ளி கண்ணுக்கே தெரியாது. எழுத்துருக்களும் புள்ளிகளால் அல்ல, கணித வளைவுகளால் வரையப்படுகின்றன. எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு வழவழப்பாக இருக்கும். பிறகு ஏன் படப்புள்ளி எழுத்துரு?

முதல் காரணம், சிறிய திரைகள் மறையவில்லை. கடை ரசீது அச்சுப்பொறி, மின்சார மீட்டர், 128×64 புள்ளி கொண்ட சின்னஞ்சிறு உணரித் திரை, பேருந்துப் பலகை ஆகியவை இன்றும் புள்ளிக் கணக்கில்தான் வாழ்கின்றன. குறைந்த மின்சாரம், குறைந்த விலை, வெயிலிலும் படிக்கும் தெளிவு ஆகியவை அவற்றின் பலம்.

இரண்டாவது, விளையாட்டுகள். ‘மைன்கிராஃப்ட்’ எழுத்துகளை உங்களில் பலர் தினமும் பார்க்கிறீர்கள். பழைய 8×8 பாணியில் இலவசமாகக் கிடைக்கும் ‘பிரஸ் ஸ்டார்ட் 2பி’ எழுத்துரு உலகெங்கும் பரவியிருக்கிறது. அதில் ஆங்கிலம், கிரேக்கம், ரஷ்ய எழுத்துகள் உண்டு; தமிழ் இல்லை. மாறாக, ரோமன் சிபோரா 1998-இல் தொடங்கி, பின்னர் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் ‘யூனிஃபான்ட்’ எழுத்துருவில் தமிழும் 16 வரிசைக் கட்டத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தம் சொல்லலாம்.

பயன்படுத்துவோர் ஒரு விதியை மறக்கக்கூடாது. 16 புள்ளி எழுத்துருவை 32, 48 என முழு மடங்காகத்தான் பெரிதாக்க வேண்டும். 24 ஆக்கினால் ஒரு புள்ளி ஒன்றரைப் புள்ளியாக வேண்டும். ஒன்றரைப் புள்ளி என்று ஒன்று கிடையாது, எழுத்து கலங்கிவிடும். நீண்ட பாடத்தைப் படப்புள்ளி எழுத்தில் தரவும் வேண்டாம், கண் களைக்கும்.

மீண்டும் ஆய்வுக்கூடத்தில்

அடுத்த சனிக்கிழமை கிராஞ்சியிலிருந்து 170-ஆம் எண் பேருந்தில் ஏறி, தேக்கா பக்கம் இறங்கி, சிம் லிம் டவரில் எல்இடி கட்டங்கள் வாங்கி வந்தேன். ஒவ்வொரு பட்டையிலும் 32×8 புள்ளிகள். இரண்டை மேலும் கீழுமாக வைத்தால் 32×16.

முதல் முயற்சியில் கீழ்ப் பட்டையைத் தலைகீழாகப் பொருத்திவிட்டோம். ழ-வின் வால் நடுவயிற்றில் முளைத்து நின்றது. ஆய்வுக்கூடமே சிரித்தது. கழற்றி மாட்டினோம். அந்த மாணவி தன் கட்டத்தாளைப் பார்த்து 16 வரிசைக்கும் எண்களைத் தட்டினார். உடல், கீழே வளைந்து இறங்கும் வால், மேலே ஒரு வரிசை விட்டு ஒரு புள்ளி.

“படிங்க” என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். அவர் தயங்காமல் படித்தார். பிறகு அந்த மாணவி தன் பெயரை ஓட விட்டார். அது சரியாகவே ஓடியது.

அடுத்த முறை பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது, வரும் பேருந்தின் எண்ணில் எத்தனை வரிசைப் புள்ளிகள் என்று எண்ணிப் பாருங்கள். பத்துக்கு மேல் இருந்தால், அங்கே ‘ழ்’ எழுதலாம்.

செய்து பாருங்கள்

1. கட்டத்தாளில் 5×5 கட்டம் போட்டு ட, ப, ம, ய, க ஆகியவற்றை வரையுங்கள். நண்பரிடம் காட்டி, எவை சரியாகப் படிக்கப்படுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. உங்கள் பெயரில் உள்ள ஒவ்வோர் எழுத்துக்கும் 2n–1 விதியைப் போட்டுத் தேவையான நெடுவரிசைகளைக் கணக்கிடுங்கள். எழுத்துகளுக்கு நடுவே ஒரு நெடுவரிசை இடைவெளி சேர்க்க மறக்காதீர்கள்.

3. ந, ற, ர மூன்றையும் 16×16 கட்டத்தில் வரைந்து, ஒவ்வொரு புள்ளியாக அழித்துக்கொண்டே வாருங்கள். எந்தப் புள்ளி போனதும் எழுத்தை அடையாளம் காண முடியவில்லை? அந்தப் புள்ளியை வட்டமிடுங்கள்.

4. கடைசி வரிசை 31, மற்ற நான்கும் 1 என்றால் என்ன வடிவம் வரும்? அது எந்தத் தமிழ் எழுத்தின் கண்ணாடிப் பிம்பம்?